ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை: கணினி கேள்வி – பதில்

பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் ‘வரவில்லை’. இந்த ஒரே புகார் பல உருவங்களில் வருவதால், இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வீடுகளில் மொத்தப் பெட்டியையும் ‘சிபியூ’ என்றே சொல்கிறோம். குழப்பம் வராமலிருக்க, கீழே பெட்டியைக் கேபினெட் என்றும், உள்ளே கூலருக்கு அடியில் இருக்கும் சில்லைப் பிராசசர் என்றும் எழுதுகிறோம்.

உள்ளே கை வைக்கும் முன் ஒரு வார்த்தை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பவர் கார்டையே கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனை பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகை; சுருக்கமாகப் போர்டு) தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க லைட்டும் எரிகிறது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்து அணைந்துவிடுகிறது. ஆறு வருடப் பழைய மெஷின். கடையில் பார்த்த மாத்திரத்தில் ‘போர்டு போயிடுச்சு’ என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பார்த்த மாத்திரத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மதர்போர்டு. ஃபேன் சுற்ற 12 வோல்ட் கிடைத்தால் போதும். பிராசசர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றியிருக்க வேண்டியதில்லை. ஆகவே ஃபேன் ஓடுவதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

நடப்பது இதுதான். எஸ்எம்பிஎஸ் (கரண்டை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துத் தரும் பவர் பெட்டி) முதலில் தன் வோல்டேஜ்களை நிலைப்படுத்திக்கொண்டு, ‘எல்லாம் சரி’ என்று சாம்பல் நிற வயர் வழியாக போர்டுக்கு ஒரு சிக்னல் தருகிறது. அது வந்த பிறகுதான் பிராசசர் கண் விழிக்கும். அடுத்து பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும், மெஷினை எழுப்பும் சிறு மென்பொருள்) ஓடும், ராமை (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் நினைவகக் குச்சி) தேடும், பிறகு டிஸ்பிளேயை எழுப்பும், கடைசியாக ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் மெஷின் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) கீயைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். அதன் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பயாஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, கோளாறு படம் வரும் பாதையில் மட்டுமே. மானிட்டரின் இன்புட் எச்டிஎம்ஐ-யா விஜிஏ-வா என்று பாருங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) தனியாக இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். கேபினெட்டின் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளோடு செங்குத்தாக இருப்பவை போர்டின் சாக்கெட்டுகள். அவற்றுக்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பவை கார்டினுடையவை. வீடு பெருக்கித் துடைத்தபோது கழன்ற கேபிளை மேலே மாற்றிச் செருகிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

நம் லாக் அசையவே இல்லை என்றால் ராமுக்கு வாருங்கள். இங்கேதான் மிக எளிய, மிக உறுதியான சோதனை இருக்கிறது. போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிய நான்கு பின்களில் ஒரு சின்ன பஸ்ஸரைச் செருகுங்கள்; எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அற்ப விலைக்குக் கிடைக்கும். இப்போது ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப், பீப் என்று அலறினால் சந்தோஷப்படுங்கள்: எஸ்எம்பிஎஸ், பிராசசர், பயாஸ் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ‘ராம் இல்லை’ என்று சொல்லும் அளவுக்கு போர்டுக்குச் சுயநினைவு இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை என்றால் கோளாறு ராமுக்கு முந்தைய படியில். போர்டில் சிபியூ (இங்கே பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்பிளே), பூட் (விண்டோஸைத் தேடி எழுப்புவது) என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் பஸ்ஸர் தேவையில்லை. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

பீப் வந்தால், ராமைச் சுத்தம் செய்து (அடுத்த கேள்வியைப் பாருங்கள்) ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில் கொக்கி இல்லாத பக்கம் அரைகுறையாக நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த ஸ்டிக்கில் வரவில்லை என்றால் அடுத்த ஸ்டிக், பிறகு அடுத்த ஸ்லாட். இரண்டு ஸ்டிக், இரண்டு ஸ்லாட் என்றால் மொத்தம் நான்கே சோதனைகள். சோம்பல்படாமல் நான்கையும் செய்யுங்கள்.

பீப் வராவிட்டால், பிராசசருக்குப் பக்கத்தில் செருகும் 4 அல்லது 8 பின் பவர் பிளக்கைப் பாருங்கள். பெரிய 24 பின் மட்டும் இருந்து இது கழன்றிருந்தால் உங்கள் மெஷின் செய்வதையேதான் செய்யும்: ஃபேன் ஓடும், வேறெதுவும் நடக்காது. அதன் பிறகு ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி கேபிள், சேர்த்துப் போட்ட கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, போர்டு, பிராசசர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் வளைந்த ஒரு பின் முழு மெஷினையும் நிறுத்திவிடும். இதுவும் உதவவில்லை என்றால் அடுத்து வேறு எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால்தான் போர்டு, பிராசசர் என்ற பேச்சு.

ராமை ரப்பரால் தேய்த்தால் சரியாகிறது, இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே கதை. எதனால்?
– வாசகி, தூத்துக்குடி

கடற்கரை ஊர். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ராமின் தங்க நிறப் பற்களில் மெல்லிய படலம் படிய விடுகின்றன. ரப்பர் அந்தப் படலத்தை எடுக்கிறது, அதனால்தான் உடனே சரியாகிறது. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மிக மெல்லியது. ஒவ்வொரு முறையும் அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய், அடியிலுள்ள உலோகம் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

பென்சில் ரப்பர் மட்டும் பயன்படுத்துங்கள். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். பல்லின் மேலிருந்து விளிம்பை நோக்கி மென்மையாக நாலு இழுப்பு போதும், குறுக்குவாட்டில் தேய்க்காதீர்கள். ரப்பர் தூளை ஸ்லாட்டுக்கு மேல் உதறாமல் தள்ளிப்போய் துடையுங்கள். தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுக் கோளாறு. கடைசியாக, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் போடுங்கள். சென்ட், பாடி ஸ்ப்ரே எதுவும் கூடாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் ஸ்லாட்டையும் கவனியுங்கள். தூசியைச் சின்ன பிரஷ்ஷால் எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டை ஜன்னலை ஒட்டி, கடல் காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். தினமும் அரை மணி நேரம் ஓடும் மெஷினின் உள்சூடு ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் மெஷினில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஆன் செய்தால் நான்கு விநாடி ஓடிவிட்டு அணைகிறது. சில நேரம் தானே மறுபடி ஓடி, மறுபடி அணைகிறது.
– வாசகர், ஈரோடு

நான்கு விநாடி என்று எண்ணிச் சொன்னீர்களே, அதுவே பாதி விடை. பவர் பட்டனை நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மெஷின் அணைய வேண்டும் என்பது போர்டுகளின் பொது விதி. உங்கள் கேபினெட்டின் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வராமலிருந்தால் போர்டுக்கு அது ‘பிடித்துக்கொண்டே இருக்கிறார்’ என்றுதான் தெரியும். போர்டிலிருந்து பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். அணையாமல் ஓடினால் பட்டன்தான் குற்றவாளி. ரீசெட் பட்டனுக்கும் இதே வேலைதான். அது சிக்கினால் ஃபேன் ஓடும், மெஷின் எழவே எழாது.

அப்படியும் அணைந்தால் கூலரைப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று எழும்பியிருந்தாலும் பிராசசரில் சரியாகப் படியாது. பயாஸ் திரை வரை வந்து அணைந்தால் சூடு என்று சந்தேகிக்கலாம். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்டை முழுக்கத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்துப் பொருத்துங்கள்.

கேபினெட்டை அண்மையில் மாற்றியிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று, போர்டில் திருகுத் துளை இல்லாத இடத்தில் தேவையில்லாமல் நின்றால் அடிப்பக்கத்தை ஷார்ட் செய்துவிடும். போர்டை வெளியே எடுத்து ஓர் அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் அந்தக் கால்தான்.

காலையில் முதல் தடவை வராது. நான்கைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால் வந்துவிடும். வந்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடும். எட்டு வருட மெஷின்.
– வாசகர், சேலம்

குளிர்ந்த நிலையில் வராமல், சூடேறியதும் வருவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் சிறு குப்பிகள்) தேய்ந்துபோனதன் பழுத்த அடையாளம். உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற, முதல் கணத்தில் வோல்டேஜ் தடுமாறுகிறது. ‘எல்லாம் சரி’ சிக்னல் சரியான நேரத்தில் போவதில்லை. நாலு முறை போட்டதும் கொஞ்சம் சூடேறி, தற்காலிகமாக வேலை செய்கிறது. ‘வருகிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். ஒருநாள் அது போகும்போது போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நான்கு துளை பிளக் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நடுத்துளை ஒன்றிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயர் துளையிலும் வையுங்கள்: 11.4-லிருந்து 12.6 வரை இருக்க வேண்டும். சிவப்பு வயர் துளையில் 4.75-லிருந்து 5.25 வரை. மெஷின் ஓடும்போதே அளக்க வேண்டும். அதிலும் வராமல் நிற்கும் அந்தக் காலை நேரத்தில். சூடேறிய பிறகு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

24 பின் பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பையும் ஒரு கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் தெரிவது எஸ்எம்பிஎஸ் முழுதாகச் செத்துவிட்டதா என்பது மட்டும்தான். சுமை ஏறும்போது தாங்குமா என்பதற்கு அந்தச் சோதனை பதில் சொல்லாது. அதை நம்பி ‘எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு’ என்று முடிவு செய்து போர்டை மாற்றுபவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். உள்ளே 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பவர் கார்டைக் கழற்றிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். கரப்பான், பல்லி போயிருந்தாலும் பிரித்துச் சுத்தம் செய்யாமல் மாற்றிவிடுங்கள். போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். பிராசசரைச் சுற்றியுள்ளவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இட்லி போல உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுவும் கோளாறுக்குக் காரணமாக இருக்கலாம்.

படம் வருகிறது. ஆனால் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று கறுப்புத் திரையில் நிற்கிறது. தேதியும் பல வருடம் பின்னால் போய்விட்டது. விண்டோஸ் போய்விட்டதா?
– வாசகி, மயிலாடுதுறை

விண்டோஸ் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. போனது போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி, சிஆர்2032. தேதி பின்னால் போனதே அதற்குச் சாட்சி. புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும்; 2.7-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே.

கம்ப்யூட்டரை அணைத்தாலும் சுவர் சுவிட்ச் ஆனில் இருந்தால் எஸ்எம்பிஎஸ் ஒரு சிறு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலையில்லை. தினமும் சுவரிலேயே அணைக்கும் வீடுகளில் இரவு முழுவதும் கடிகாரத்தை அந்தப் பேட்டரிதான் ஓட்டுகிறது. இடி மின்னலுக்குப் பயந்து அணைப்பது நல்ல பழக்கம்தான், விடாதீர்கள். பேட்டரியைச் சற்று முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேட்டரி போனதும் பயாஸ் அமைப்புகள் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் விண்டோஸைக் காணவில்லை. ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை விடாமல் தட்டி பயாஸுக்குள் போங்கள். தேதியைச் சரி செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். பழைய முறையில் விண்டோஸ் போட்ட மெஷின் என்றால் சிஎஸ்எம் அல்லது லெகசி என்பதை மறுபடி எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். சாட்டா மோடையும் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) கவனியுங்கள்: ஏஎச்சிஐ-யில் போட்ட விண்டோஸ், மோடு ரெய்டு என்று மாறிவிட்டால் நீலத் திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று விழும். மோடைத் திருப்பி வைத்தால் எழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் ஃபார்மேட் அடித்துவிடுகிறார்கள். குடும்பப் படங்களெல்லாம் அதில்தானே இருக்கும்!

டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால் கேபிள். சாட்டா கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் போடுங்கள், முடிந்தால் வேறு கேபிளால் வேறு போர்ட்டில். முன்பக்க யுஎஸ்பி துளை எதிலாவது பென்டிரைவ் செருகியிருந்தாலும் இதே செய்தி வரும். முதலில் அதைப் பிடுங்கிவிட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பயாஸை ரீசெட் செய்த பிறகு பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பலருக்கு அது ஆனில் இருப்பதே தெரியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். மெஷின் நன்றாக ஓடும் இன்றைக்கே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரைசன் 5 5600 பிராசசர், பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். எல்லாம் புதுசு. ஃபேன் ஓடுகிறது, டிஸ்பிளே இல்லை. எதைத் திருப்பிக் கொடுப்பது?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம் தம்பி, முதலில் இரண்டு கேள்விகள். கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறீர்களா? 5600-க்குள் டிஸ்பிளே கிடையாது, 5600ஜி-யில்தான் உண்டு. இன்டெலில் 10400எஃப், 12400எஃப் போல எஃப் என்று முடிபவையும் அப்படித்தான். கார்டு இல்லாமல் போர்டின் எச்டிஎம்ஐ-யில் கேபிளைச் செருகிவிட்டுக் காத்திருந்தால் எந்நாளும் படம் வராது.

கார்டு இருக்கிறது என்றால் இரண்டாவது கேள்வி: பயாஸ் எந்தப் பதிப்பு? பி450 போர்டுகள் வந்தது 2018-ல், ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். கடையில் நெடுநாள் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பழைய பயாஸுக்கு உங்கள் பிராசசரை அடையாளம் தெரியாது. போர்டின் பின்னால் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்) பிராசசர் உதவி இல்லாமலே புதுப்பிக்கலாம். பென்டிரைவை ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்து, உங்கள் போர்டின் சரியான மாடல், ரிவிஷன் பார்த்து ஃபைலை இறக்கி, கையேடு சொல்லும் பெயரை அதற்கு வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மின்னி முடியும் வரை சில நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் போர்டு படுத்துவிடும், யுபிஎஸ் கட்டாயம். அந்தப் பட்டன் இல்லாத போர்டு என்றால், வாங்கிய கடையில் பழைய ரைசன் ஒன்றைப் போட்டு அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கைதான்.

பிராசசருக்கான எட்டு பின் பவர் பிளக்கையும் (அதில் ‘சிபியூ’ என்று எழுதியிருக்கும்) பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின்னும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் உள்ளே வயரிங் தலைகீழ். பிளக்கில் எழுதியிருப்பதைப் படித்துச் செருகுங்கள், நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

உங்கள் நண்பர் யாராவது டிடிஆர்5-உடன் ரைசன் 7000 போட்டால் சொல்லிவையுங்கள்: முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள் கறுப்புத் திரையிலேயே நிற்கும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுமையிழந்து அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும்.

ஆபீஸ்களில் ஓடிய டெல் ஆப்டிபிளெக்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பவர் பட்டன் ஆரஞ்சில் இரண்டு முறை, வெள்ளையில் மூன்று முறை மின்னுகிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றலாம் என்றால் பிளக்கே பொருந்தவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

மின்னுவது அதன் பேச்சு. இரண்டு–மூன்று என்பது ராம் பக்கம் கை நீட்டுகிறது, ஆகவே முதல் கேள்விக்குச் சொன்ன நான்கு சோதனைகளை இங்கே செய்யுங்கள். எண்ணிக்கையின் பொருள் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் இணையதளத்தில் கொடுத்து உங்கள் மாடலின் கையேட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பொருந்தாதது சரிதான். 7020, 9020 போன்றவற்றில் சாதாரண 24 பின் கிடையாது, எட்டு பின்தான். ஹார்ட் டிஸ்க்குக்கான பவரும் போர்டிலிருந்தே போகிறது. பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் சின்ன பட்டனும் பச்சை விளக்கும் இருக்கும். பவர் கார்டை மட்டும் செருகி அந்தப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு எரிந்தால் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் நலம், செலவு மிச்சம்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. பூட் ஆகாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, விருதுநகர்

நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் இதை முதலில் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லை என்றால் கேபினெட் பாதி வோல்டேஜில், ஏறத்தாழ 115-ல் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிவது அதனால்தான். இந்தக் கசிவு மிகச் சிறியது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஏதாவது உடைந்து ஃபேஸ் நேரே கேபினெட்டைத் தொட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. வீட்டில் குழந்தைகள் தொடுவார்கள். மூன்றாவது பின்னை உடைத்த பிளக், இரண்டு பின் அடாப்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஆனில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் செருகாதீர்கள். இந்த மிதக்கும் வோல்டேஜ் போர்ட்டைச் சுட்டுவிடும்.

விண்டோஸ் லோகோ வரை வருகிறது. அதன் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, மணிக்கணக்கில். ஃபார்மேட் செய்தால் சரியாகும் என்கிறார்கள். அப்பாவின் பழைய போட்டோக்கள் அதில் இருக்கின்றன.
– வாசகி, தஞ்சாவூர்

ஃபார்மேட் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

லோகோ வந்துவிட்டதால் ராம், பிராசசர், போர்டு எல்லாம் தத்தம் வேலையைச் செய்துவிட்டன. மீதி டிஸ்க்கும் விண்டோஸும்தான். காதை டிஸ்க் அருகே வையுங்கள். டக்… டக்… என்று சீரான இடைவெளியில் தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள்; அது உள்ளே ஊசி தடம் காணாமல் தவிக்கும் ஒலி. ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் பாதிப்பைக் கூட்டும். அப்படியானால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் நேராகக் கொடுங்கள்.

தட்டல் இல்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு நல்ல கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக, அல்லது யுஎஸ்பி–சாட்டா அடாப்டர் வழியாக இணையுங்கள். போட்டோக்களை முதலில் காப்பி எடுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். டிரைவைத் திறக்கும்போது ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று விண்டோஸ் கேட்டால் ‘வேண்டாம்’ சொல்லுங்கள்; பழுதாகும் டிஸ்க்கில் அந்தச் சரிபார்ப்பு ஓடினால் மிச்சமிருப்பதும் கலையலாம். காப்பி முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் (கெட்டதால் மாற்றிய இடங்கள்), கரன்ட் பெண்டிங் செக்டார் (கெட்டதோ என்று சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். பெண்டிங்கில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் போட்டுப் பயனில்லை.

இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நலம், விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது. டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அதற்கும் அசையாவிட்டால் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதி என்று வரிசையாகப் போங்கள். காப்பி எடுத்த போட்டோக்களை ஒரு பென்டிரைவில் மட்டும் வைக்காமல், இன்னொரு இடத்திலும் சேர்த்து வையுங்கள்.